கணக்குப் புத்தகம் இல்லாத தொழிலாளர்கள்

நாடாளுமன்றம் 2019-லும் 2020-லும் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஐந்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆதரவும் எதிர்ப்பும் பெரிதும் ஆலைத் தொழிலாளர்களைச் சுற்றியே எழுந்தன. வேலைநிறுத்த முன்னறிவிப்பு, ஆள்குறைப்புக்கான அனுமதி, பணிக்கொடை என்று பேசப்பட்டவை யாவும் நமக்குப் பழக்கமானவை. அவற்றுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், மத்தியச் சட்டம் எதுவும் அதுவரை பெயர் சொல்லி அழைத்திராத ஒரு கூட்டத்தாருக்கு முதன்முறையாகப் பெயர் கிடைத்தது. செல்பேசிச் செயலி காட்டும் முகவரிக்கு உணவையும் மளிகையையும் கொண்டு சேர்ப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர், வீடு தேடி வந்து அழகுக்கலைப் பணியும் மின்சாதனப் பழுதும் பார்ப்பவர் ஆகிய இவர்களே அவர்கள். "கிக் தொழிலாளர்", "இணையத்தளத் தொழிலாளர்" என இருவகையாக அவர்களைச் சட்டம் குறிக்கிறது.

பெயர் கொடுத்த கையோடு சட்டம் இன்னொன்றையும் செய்தது. வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் என்ற மரபான உறவுக்கு வெளியே நின்று பொருள் ஈட்டுபவர் என்று அவர்களுக்கு இலக்கணம் வகுத்துவிட்டது. ஆகவே அவர்களுக்கென வகுக்கப்பட்டது ஒரு நல நிதி மட்டுமே. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அந்நிதிக்குத் தரவேண்டும். தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்தை அது மிஞ்சக்கூடாது. குறைந்தபட்ச ஊதியம் பற்றிய தொகுப்பிலும், தொழிலுறவு பற்றிய தொகுப்பிலும், பணியிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பிலும் இவர்களைப் பற்றிய பேச்சில்லை.

இது போதுமா என்ற கேள்விக்கு விடை காண முற்படும் எவரும் முதலில் ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கிறார்கள். இவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், செலவு போக என்ன மிஞ்சுகிறது என்ற எளிய கேள்விகளுக்கு அரசிடம் நேரடியான விடை இல்லை.

நீதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி 2020-21-இல் இத்தகையோர் 77 லட்சம் பேர். 2029-30-இல் இது 2.35 கோடியாக உயரும். அமைச்சர்களின் உரைகளிலும் தொழில் அமைப்புகளின் மாநாடுகளிலும் தவறாமல் எடுத்தாளப்படும் எண்கள் இவை. ஆனால் இவை எண்ணிச் சொன்னவை அல்ல. வேலைவாய்ப்பு ஆய்வுகளின் தரவுகளை வைத்து, இன்னின்ன தகுதியுடையோர் இவ்வேலையில் இருக்கக்கூடும் என்று கணித்துச் சொன்னவை. கணிப்பில் குற்றமில்லை. ஆயினும் ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு தொழிலாளியும் எந்தத் தெருவில் எவ்வளவு வேகத்தில் போகிறார் என்பது நிறுவனங்களின் கணினிகளில் பதிவாகிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில், அவர்களின் எண்ணிக்கையை அரசு ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்பது விந்தைதான்.

ஆய்வாளர்களின் நிலையும் இதுவே. ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய விரும்பியவர்களுக்கு வருகைப் பதிவேடு உண்டு; ஊதியப் பதிவேடு உண்டு; தொழிற்சாலை ஆய்வாளரின் அறிக்கை உண்டு. இணையத்தளத் தொழிலாளரை ஆராய விரும்புவோர் உணவகங்களின் வாசலிலும், விரைவு வணிகக் கிடங்குகளின் எதிரே உள்ள நடைபாதையிலும், விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்திலும் போய் நின்று, அடுத்த ஆர்டர் வருவதற்குள் சில நிமிடங்கள் பேச்சுக் கொடுத்துத்தான் தகவல் திரட்ட வேண்டியிருக்கிறது. அப்படித் திரட்டப்பட்டவற்றில் குறிப்பிடத்தக்கது, பைகாம் என்ற மக்கள் அமைப்பு, செயலிவழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்போடும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடும் நடத்தி 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு. தில்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட 8 நகரங்களில் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்தது அது. கார் ஓட்டுநர்களில் 83 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள். எரிபொருள், கடன் தவணை முதலிய செலவுகள் போக நாளொன்றுக்கு ரூ. 500-க்கும் குறைவாக ஈட்டுவோர் 43 சதவீதத்தினர்.

பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபேர்வொர்க் என்னும் ஆய்வுத் திட்டம், இந்தியாவில் பெங்களூரிலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தின் வழியே செயல்படுகிறது. ஊதியம், பணிச்சூழல், ஒப்பந்தம், நிர்வாகம், தொழிலாளர் பிரதிநிதித்துவம் என்னும் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறது. 2024-இல் மதிப்பிடப்பட்ட 11 நிறுவனங்களில் ஒன்றுகூட 6-ஐத் தாண்டவில்லை. வாழ்வதற்குப் போதிய ஊதியத்தை உறுதி செய்ததற்கான மதிப்பெண்ணை எந்த நிறுவனமும் பெறவில்லை. தொழிலாளர் அமைப்பை ஏற்றுப் பேச்சு நடத்துவதற்கான மதிப்பெண்ணும் ஒருவருக்கும் கிட்டவில்லை. வாடிக்கையாளர் தரும் நட்சத்திரங்களை வைத்துத் தொழிலாளரைத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் தாமே மதிப்பெண் பட்டியலில் நிற்க நேர்ந்தபோது கிடைத்த முடிவு இது.

இவ்வேலையின் ஊதியக் கணக்கு எப்படி அமைகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒரு பொட்டலத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு இவ்வளவு என்று ஒரே தொகை கிடையாது. அடிப்படைத் தொகை ஒன்று. தூரத்துக்கேற்ற தொகை ஒன்று. மழைக்கும் நெரிசல் நேரத்துக்கும் மேல்தொகை. வார இறுதிக்குள் இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை. அந்த ஊக்கத்தொகை கைக்கு வர, குறிப்பிட்ட மணிநேரம் செயலியைத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும், வரும் ஆர்டர்களைத் தட்டிக்கழிக்காமலும் இருக்க வேண்டும். இந்த விதிகள் வாரத்துக்கு வாரம் மாறக்கூடும். பக்கத்தில் நிற்கும் இருவருக்கு ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதும் இல்லை. உணவகத்தில் சமைத்து முடியும்வரை நிற்பதும், ஆர்டர் வராமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதும், புறநகரில் பொட்டலத்தைச் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவதும் பெரும்பாலும் கணக்கில் சேருவதில்லை. சேர்ந்தாலும் அற்பமாகவே சேரும். பெட்ரோலும் டயரும் செல்பேசியும் அவருடையவை. 2024 மே 29 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது 79 ஆண்டுகளில் கண்டிராத வெப்பம். அரசு மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன அத்தகைய நாள்களில்தான் வீட்டுக்குள் இருந்தவர்களின் ஆர்டர்களோடு இவர்கள் வெயிலில் ஓடினார்கள்.

2023 ஏப்ரலில் தில்லி, குருகிராம், நொய்டா பகுதிகளில் பிளிங்கிட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் திடீரென வேலையை நிறுத்தினார்கள். கிடங்குகள் பல சில நாள்கள் மூடிக் கிடந்தன. ஆர்டர் ஒன்றுக்குக் குறைந்தது ரூ. 25 என்று இருந்தது, புதிய முறையில் ரூ. 15-லிருந்து தொடங்கித் தூரத்துக்கேற்ப மாறும் என்று ஆனதே காரணம். புதிய முறையால் வருமானம் குறையாது என்பது நிறுவனத்தின் விளக்கம். குறைந்துவிட்டது என்பது தொழிலாளர்களின் முறையீடு. இருவரில் யார் சொல்வது சரி என்பதை மூன்றாமவர் ஒருவர் சரிபார்க்க வழியிருந்ததா? ஆலையாக இருந்திருந்தால் தொழிலாளர் துறை அலுவலர் ஊதியப் பதிவேட்டை வரவழைத்து அரைமணி நேரத்தில் தீர்த்திருப்பார். இங்கே ஏடு நிறுவனத்தின் கணினியில் இருந்தது. தொழிலாளர் கையில் அவரவர் செல்பேசித் திரையின் சில படங்களே இருந்தன. சிலர் வேலைக்குத் திரும்பினர். சிலர் வேறு செயலிக்குப் போயினர்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் தலைநகருக்கு வந்து இறங்கும் இளைஞனுக்கு இந்தச் செயலிகளைப் போல எளிதாகக் கதவு திறக்கும் இடம் வேறில்லை. ஆதார் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் இருசக்கர வாகனமும் இருந்தால் ஓரிரு நாளில் வேலை. சிபாரிசு வேண்டாம், மேஸ்திரிக்குத் தரகு கொடுக்க வேண்டாம், இன்ன ஊர், இன்ன சாதி என்று கேட்பார் இல்லை. கூலியும் வாரந்தோறும் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. கட்டட வேலையிலோ சிறு பட்டறையிலோ மாதக்கணக்கில் கூலி பாக்கி வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது சிறிய காரியம் அன்று. கல்லூரி மாணவர்கள் மாலையில் இரண்டு மணிநேரம் ஓடிவிட்டு வருகிறார்கள். எல்லாரையும் மாதச் சம்பளக்காரர்கள் ஆக்கு என்றால் வேலைகளின் எண்ணிக்கை குறையும் என்று நிறுவனங்கள் சொல்வதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் "விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் போகலாம், ஆகவே அவர் எங்கள் தொழிலாளி அல்லர், பங்காளி" என்று அவர்கள் சொல்லும் வாதம் புதியதன்று. இந்திய நீதிமன்றங்கள் அதைப் பலமுறை கேட்டிருக்கின்றன. பலமுறை தள்ளியும் இருக்கின்றன.

1973-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்தது. சில்வர் ஜூபிலி என்னும் பெயருடைய தையற்கடையைப் பற்றியது. அக்கடையின் தையற்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுதும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேலை இல்லையென்றால் போய்விடலாம். சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்தார்கள். வேறு கடைக்குத் தைக்கவும் தடையில்லை. ஆகவே அவர்கள் ஊழியர் அல்லர் என்றார் கடைக்காரர். நீதிமன்றம் ஏற்கவில்லை. தைத்தது சரியில்லை என்றால் அதை ஏற்க மறுக்கவும் திருப்பித் தைக்கச் சொல்லவும் கடைக்காரருக்கு அதிகாரம் இருந்தது. மேற்பார்வையும் கட்டுப்பாடும் அந்த அதிகாரத்திலேயே இருக்கின்றன என்று கண்ட நீதிமன்றம், கடைகள் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்று முடிவு செய்தது.

இன்னும் நெருங்கிய சான்று பீடித் தொழிலில் இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் திண்ணையிலும் கூடத்திலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களை அறியாத தமிழர் இருக்க முடியாது. அவர்களுக்கு ஆலை இல்லை, மேஸ்திரி தலைமேல் நிற்பதில்லை, வேலை நேரம் என்று ஒன்று இல்லை. இலையையும் தூளையும் வாங்கிக்கொண்டு போய்த் தமக்கு ஒழிந்த நேரத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவர்களும் எங்கள் தொழிலாளர் அல்லர் என்றுதான் முதலாளிகள் நெடுங்காலம் வாதாடினார்கள். இலையைத் தொழிலாளிக்கு விற்றதாகவும், சுற்றிய பீடியை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியதாகவும் கணக்கெழுதி வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. 1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்று வெளிப்படையாகச் சொல்லிற்று. பின்னர், வருங்கால வைப்பு நிதி இவர்களுக்கும் உண்டா என்ற வழக்கு பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உண்டு என்று 1985-இல் தீர்ப்பாயிற்று. தரமில்லை என்று பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறதே, அதுவே கட்டுப்பாட்டுக்குப் போதிய அடையாளம் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

கழித்துத் தள்ளும் உரிமை இன்றைக்குச் செயலியில் எப்படி இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மதிப்பீடு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் நல்ல ஆர்டர்கள் வருவது குறைகிறது, இன்னும் இறங்கினால் "ஐ.டி. பிளாக்". முந்தின நாள்வரை ஓடியவரின் கணக்கு மறுநாள் காலையில் திறப்பதில்லை. யார் முடக்கினார், எதற்காக முடக்கினார் என்று கேட்கப் போனால் எதிரே இருப்பதும் ஓர் இயந்திரமே. பீடிக் கடையில் கழிவு போட்ட கணக்கப்பிள்ளையோடாவது வாயாட முடிந்தது.

பீடித் தொழிலாளிக்கு இருந்து, இவருக்கு இல்லாத இன்னொன்று உண்டு. அது பாஸ்புக். வாங்கிய இலை, தூளின் எடை, கொடுத்த பீடியின் எண்ணிக்கை, கழிவு, கிடைத்த கூலி எல்லாம் அந்தச் சிறிய புத்தகத்தில் பதிந்து, தொழிலாளியின் வீட்டில் இருக்கும். பாஸ்புக் இருப்பவருக்கு வைப்பு நிதி உண்டு. இல்லாதவருக்கு எளிதில் கிட்டாது. அதனால்தான் அதைக் கொடுக்காமல் தட்டிக்கழிப்பதில் சில நிறுவனங்கள் முனைப்புக் காட்டின. அதைப் பெறுவதற்காகச் சங்கங்கள் ஓயாமல் போராடின. தரமில்லை என்று கழிக்கும் பீடி சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தை மிஞ்சக்கூடாது என்று மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்கள் விதி வகுத்ததும், கழிவை எழுதிக் காட்ட ஓர் ஏடு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

இணையத்தளத் தொழிலாளர்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் காப்பீடு, ஓய்வூதியம், நல நிதி என்றே சுற்றி வருகிறது. இவை வேண்டாம் என்று சொல்பவர் யாருமில்லை. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் சுமார் ஒரு கோடிப் பேருக்கு இ-ஷ்ரம் பதிவும் அடையாள அட்டையும் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடும் அறிவிக்கப்பட்டதை வரவேற்கவே வேண்டும். தமிழகத்தில் 2023-இல் இவர்களுக்கென்று நல வாரியம் அமைக்கப்பட்டதும் அவ்வாறே. ஆனால் நல நிதி ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்தை இந்த நாடு ஏற்கெனவே இருமுறை பார்த்துவிட்டது.

முதலாவது, கட்டடத் தொழிலாளர் நிதி. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை வசூலித்து மாநில வாரியங்களிடம் சேர்த்தார்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது, வசூலானது ரூ. 37,400 கோடிக்கு மேல். தொழிலாளருக்குச் செலவானது சுமார் ரூ. 9,500 கோடி மட்டுமே. செலவழித்ததிலும் சலவை இயந்திரம், மடிக்கணினி என்று போன கதையெல்லாம் நீதிமன்றத்தில் வெளிவந்தது. இரண்டாவது, அதே பீடித் தொழிலாளர் நிதி. 1976-இல் பீடியின் மீது விதிக்கப்பட்ட நல வரியில் மருத்துவமனைகளும் பிள்ளைகளின் படிப்புதவியும் வீட்டு மானியமும் நடந்தன. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது ஏராளமான சில்லறை வரிகளோடு சேர்த்து இதையும் நீக்கிவிட்டார்கள். தனக்கென்று தனி வருவாய் இருந்த நிதி, ஆண்டுதோறும் அரசின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது. ஆயினும் நல வரி போனபின்னும் அத்தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி போகவில்லை. வைப்பு நிதி போகவில்லை. அவை அவர் தொழிலாளர் என்ற தகுதியால் வந்தவை. இணையத்தளத் தொழிலாளிக்கு அந்தத் தகுதி கொடுக்கப்படவில்லை. நாளைக்கு நிதி வற்றினால் அவரிடம் எஞ்சுவது அடையாள அட்டை ஒன்றே.

தகுதிப் பிரச்சினை இன்றோ நாளையோ தீர்வதாகத் தெரியவில்லை. செயலிவழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, தங்களை 2008-ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் தொழிலாளர்களாக ஏற்கவேண்டும் என்று 2021-இலேயே உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பெண் பயணி ஒருவரின் பாலியல் துன்புறுத்தல் புகார் தொடர்பான வழக்கில், செயலிவழிக் கார் ஓட்டுநரை அந்நிறுவனத்தின் ஊழியராகவே கருதவேண்டும் என்றார். அதற்கு அடுத்த மாதமே அதே உயர் நீதிமன்றத்தின் அமர்வு தடை விதித்துவிட்டது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களை, முழு ஊழியர் என்றும் இல்லாமல் தனி வணிகர் என்றும் இல்லாமல், இடைப்பட்ட "தொழிலாளர்" என்ற வகையில் வைத்து, செயலியைத் திறந்து வேலைக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று சொன்னது. அத்தகைய இடைவழி இங்கும் வரலாம். வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தகுதிக்கு முன்பே கொடுக்கக்கூடியது கணக்கு.

இதற்கும் முன்மாதிரி உண்டு; அதில் நம் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும் இருக்கிறது. பிரிட்டனில் கார் ஓட்டியவர்கள் சிலர், தங்களைப் பற்றி நிறுவனம் திரட்டி வைத்துள்ள தரவுகளையும், தானியங்கி முறையில் அபராதமும் பணிநீக்கமும் செய்யப்பட்ட விதத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று நெதர்லாந்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஊபரும் இந்தியாவின் ஓலாவும் எதிர்த்தரப்பு. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் ஓட்டுநர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. வணிக ரகசியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மூடிவைக்க முடியாது என்று ஆயிற்று. ஸ்பெயின் 2021-இல் இயற்றிய சட்டப்படி, வேலையை ஒதுக்குவதிலும் மதிப்பிடுவதிலும் கணினி எந்த விதிகளைப் பின்பற்றுகிறது என்பதை நிறுவனங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும். அந்நிய நீதிமன்றத்தில் ஓட்டுநருக்குக் கணக்குக் காட்டும் கடமை ஓர் இந்திய நிறுவனத்துக்கு உண்டென்றால், நொய்டாவிலும் பெங்களூரிலும் ஏன் இருக்கக்கூடாது?

நம் மாநிலங்களுள் சில இந்தத் திசையில் நடந்திருக்கின்றன. ராஜஸ்தான் 2023 ஜூலையில் நாட்டிலேயே முதலாவதாக இயற்றிய சட்டத்தில், ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதிலிருந்து பிடிக்கும் நலக் கட்டணமும் பதிவாகும் மையத் தகவல் முறை ஒன்றுக்கு இடம் வைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சி மாறியபின் அச்சட்டத்தின் வேகம் குன்றிப்போனது வருந்தத்தக்கது. கர்நாடகம் 2025-இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பின்பு முறையான சட்டமாகவும் கொண்டுவந்ததில், தானியங்கிக் கண்காணிப்பு முறைகளைத் தொழிலாளிக்குப் புரியும்படி விளக்க வேண்டும், பிடித்தம் செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து மூலமான காரணமும் இல்லாமல் நீக்கக்கூடாது என்ற விதிகள் இருக்கின்றன. நலக் கட்டணத்தைவிட எனக்கு இந்த விதிகளே பெரியவையாகத் தோன்றுகின்றன. மத்தியச் சட்டம் இவற்றைக் கடன் வாங்கிக்கொள்வதில் குறைவில்லை.

செலவு அதிகமாகும் என்ற சாக்குக்கும் இங்கே இடமில்லை. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி ஐம்பது பேரை வைத்துத் தொழில் நடத்தும் பட்டறைக்காரர்கூட ஊதியச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதை எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டும். செயலி நிறுவனத்திடமோ எல்லாம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஆர்டர் வந்த நேரம், சேர்த்த நேரம், ஓடிய தூரம், காத்திருந்த நிமிடங்கள், வாடிக்கையாளர் செலுத்திய தொகை, அதில் தொழிலாளிக்குச் சேர்ந்தது, பிடித்தம், அதன் காரணம், செயலி திறந்திருந்த மொத்த நேரம் எனத் தேவைப்படுபவை இவ்வளவே. இவற்றை மாதம் ஒருமுறை தொழிலாளிக்கும் நல வாரியத்துக்கும் ஒரே வடிவில் அனுப்பினால் போதும். ஆய்வாளர்கள் உணவக வாசலில் நின்று 10,000 பேரைக் கேட்டு எழுதியதைவிட நம்பகமான விவரம், பெயர்களை நீக்கிய வடிவில், நாட்டுக்கே கிடைத்துவிடும். 43 சதவீதம் என்பது மிகை என்று நிறுவனங்கள் கருதினால், அதை மறுக்கவும் அவர்களுக்கு அதுவே வழி.

2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் நாட்டின் பல நகரங்களில் இத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து நிமிடத்தில் கொண்டு சேர்க்கும் முறை உயிருக்கு உலை வைக்கிறது என்பது அவர்களின் முதன்மையான முறையீடு. மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டார். 2026 ஜனவரியில் பிளிங்கிட் தன் விளம்பரங்களிலிருந்து பத்து நிமிட வாசகத்தை எடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் ஓடுபவருக்கு உள்ளுக்குள் வகுக்கப்படும் நேரக் கணக்கு மாறியதா, தாமதத்துக்கான தண்டனை குறைந்ததா என்பது சுவரொட்டியைப் பார்த்து அறியக்கூடியதன்று. அதற்கும் ஏடு வேண்டும்.

அந்த டிசம்பர் இறுதியிலேயே சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்கான வரைவு விதிகளைத் தொழிலாளர் அமைச்சகம் வெளியிட்டது. ஓர் ஆண்டில் ஒரே நிறுவனத்தில் 90 நாளோ, பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாளோ வேலை செய்திருந்தால்தான் நலத் திட்டங்களுக்குத் தகுதி என்றது அவ்வரைவு. ஒரு நாளில் எவ்வளவு சிறிய தொகை ஈட்டினாலும் அது ஒரு நாளாகும். ஒரே நாளில் மூன்று நிறுவனங்களுக்கு ஓடினால் மூன்று நாளாகும். தாராளமான கணக்குதான். ஆனால் 80 நாளைத் தாண்டிய நிலையில் ஐ.டி. முடக்கப்பட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஓடிய நாள்களின் விவரம் இருக்கும் செயலி அவருக்குத் திறக்காது. வாரியத்துக்குப் போகும் எண் நிறுவனத்தின் கணினியிலிருந்து போகும். 85 என்று அது சொல்ல, 92 என்று இவர் சொன்னால், அலுவலகத்து மேசையின் மீது எடுத்து வைக்க இவரிடம் திருநெல்வேலிப் பீடித் தொழிலாளியின் பாஸ்புக்குக்கு நிகரான ஒரு தாளாவது இருக்க வேண்டாமா?